100 எம்பிபிஎஸ் பிளான்ல ஏன் 11 தான் காட்டுது? வீட்டு நெட் ஸ்பீடு பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்க அபார்ட்மெண்ட்ல 48 வீடு. நெட் ஸ்லோவாச்சுன்னா ரெண்டு மூணு பேராவது எங்க வீட்டு காலிங் பெல்ல அடிச்சிடுவாங்க, மத்தவங்க வாட்ஸ்அப்ல ஸ்பீடு டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட் அனுப்புவாங்க. நான் நெட்வொர்க் வேலைல இருக்கிறதால இது வழக்கமாயிடுச்சு, கேள்விகளும் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இதுல எனக்கு நிஜமா கஷ்டமா இருக்குற விஷயம் என்னன்னா, ஸ்லோன்னு தோணுன உடனே பெரிய பிளானுக்கு மாத்திடுறாங்க, மாசாமாசம் முன்னூறு நானூறு ரூபா கூட கட்டுறாங்க, ஆனா அடைப்பு வேற எங்கயோ இருக்கு, அதனால ஒரு மாத்தமும் தெரியுறதில்ல. காசு கட்டுறதுக்கு முன்னாடி இத ஒருதடவ படிச்சிடுங்க.

பேண்ட்விட்த், ஸ்பீடு ரெண்டும் ஒண்ணு தானே?

பேச்சுவழக்குல ஒண்ணா சொல்றோம், ஆனா ஒண்ணு இல்ல. டெல்டா பக்கம் இருக்கவங்களுக்கு டக்குனு புரியும். பேண்ட்விட்த்னா வாய்க்காலோட அகலம், அதாவது ஒரு நேரத்துல அதிகபட்சம் எவ்வளவு தண்ணி போக முடியும்ங்கிறது. ஸ்பீடுன்னு நம்ம ஸ்க்ரீன்ல பாக்குறது நம்ம வயலுக்கு நிஜமா வந்து விழுற தண்ணி. வாய்க்கா எவ்வளவு அகலமா இருந்தாலும் மேல இருக்க பத்து பேர் ஒரே நேரத்துல மடைய தொறந்துட்டா கடைமடைக்கு வர்றது கம்மிதான், அதே மாதிரி நடுவுல ஒரு இடத்துல மண்ணு சரிஞ்சு கெடந்தா அந்த இடத்துல எவ்வளவு போகுதோ அவ்வளவுதான் கடைசி வரைக்கும். உங்க பிளான்ல போட்டிருக்க 100, 200 எல்லாம் வாய்க்கா அகலம். அதுலயும் "வரை"ன்னு ஒரு வார்த்தைய பக்கத்துல சேத்திருப்பாங்க, பாருங்க.

இன்னொண்ணு, 300 பிளான்ல டேட்டா "வேகமா ஓடும்"னு நெனைக்கிறோம்ல, அப்படி இல்ல. ஃபைபருக்குள்ள லைட்டு ஓடுற வேகம் 50 பிளானுக்கும் 300 பிளானுக்கும் ஒண்ணேதான், செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஒரு செகண்டுல எத்தனை பிட்ட (டேட்டாவோட ரொம்ப சின்ன துண்டு) உள்ள விடுறாங்கங்கிறது மட்டும்தான் மாறுது.

100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கேன், டவுன்லோடு பண்ணா 11, 12ன்னு தான் காட்டுது. ஏமாத்துறாங்களா?

இல்லங்க. இந்த ஒரு விஷயத்துல கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல. எம்பிபிஎஸ்னு கம்பெனி சொல்றது செகண்டுக்கு இத்தனை மெகாபிட்ங்கிற கணக்கு, உங்க கம்ப்யூட்டர் காட்டுறது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேந்தா 1 பைட். அப்ப 100ஐ 8ஆல வகுத்தா 12.5. அதுலயும் டேட்டாவ சின்னச் சின்ன பாக்கெட்டா பிரிச்சுதான் அனுப்புவாங்க, ஒவ்வொரு பாக்கெட்டோடயும் அட்ரஸ் மாதிரி கொஞ்சம் கூடுதல் டேட்டா போகும், அது போக கைல வர்றது பதினொண்ணரை பன்னெண்டு. இங்கிலீஷ்ல எழுதுறப்ப சின்ன பி போட்டா பிட்டு, பெரிய பி போட்டா பைட்டு, அந்த ஒரு எழுத்துதான் இத்தனை சண்டைக்கும் காரணம்.

கணக்கு போட்டு பாக்கணும்னா, 4 ஜிபி ஃபைல்னா 32,000 மெகாபிட், 100 பிளான்ல 320 செகண்ட், அதாவது அஞ்சு நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல. நடைமுறைல ஆறு நிமிஷம்னு வச்சுக்கோங்க.

அப்லோடு எதுக்கு? நாங்க யூடியூப்ல வீடியோ எல்லாம் போடுறதில்லையே?

போடலைன்னாலும் நாள் முழுக்க அப்லோடு பண்ணிட்டு தான் இருக்கீங்க. வீடியோ கால்ல உங்க மொகம் அந்தப் பக்கம் போறது அப்லோடு. வாட்ஸ்அப்ல அனுப்புற போட்டோ, போன் தானா பண்ற பேக்கப், வாசல்ல மாட்டியிருக்க கேமரா கிளவுடுக்கு அனுப்புற வீடியோ, பையன் கேம்ல அழுத்துற ஒவ்வொரு பட்டனும் அப்லோடு தான். வீடியோ கால்ல "நீங்க பேசுறது விட்டு விட்டு கேக்குது"ன்னு எதிர்ல இருக்கவங்க சொன்னா பெரும்பாலும் உங்க அப்லோடுல பிரச்சன. அவங்க பேசுறது உங்களுக்கு விட்டு விட்டு கேட்டா உங்க டவுன்லோடையும் அவங்க அப்லோடையும் பாக்கணும்.

தொழிலுக்கு எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். எனக்கு தெரிஞ்ச தம்பி ஒருத்தர் கல்யாண வீடியோ எடுக்குறார், ஒரு கல்யாணத்துக்கு 40 ஜிபி ஃபுட்டேஜ எடிட்டருக்கு அனுப்பணும். அப்லோடு 10 எம்பிபிஎஸ்னா கிட்டத்தட்ட 9 மணி நேரம் ஆகும், நடுவுல கரண்ட் போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து. 100 அப்லோடுன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும். அவர் டவுன்லோடு நம்பர மட்டும் பாத்து ரெண்டு தடவ பிளான மாத்தியும் அந்த 9 மணி நேரம் குறையவே இல்ல, ஏன்னா புது பிளான்லயும் அப்லோடு அதே 10தான். பிளான் எடுக்குறப்ப "அப்லோடு எவ்வளவு"ன்னு தனியா கேட்டு, முடிஞ்சா மெசேஜாவே வாங்கி வச்சுக்கோங்க.

ஏன் அப்லோடு மட்டும் கம்மியா கொடுக்குறாங்க?

பழைய டெலிபோன் ஒயர் பிராட்பேண்ட் காலத்துல இருந்து வந்த பழக்கம் இது. அந்த செம்புக் கம்பில இருக்க அலைவரிசைய ரெண்டா பிரிக்கும்போது வீட்ல எல்லாரும் டவுன்லோடு தான் அதிகம் பண்றாங்கன்னு பெரும்பகுதிய அதுக்கே ஒதுக்குனாங்க, அந்த ஒயர் நெட்ல ஒரு வகையான ஏடிஎஸ்எல் 2 பிளஸ்ல டவுன்லோடு 24 எம்பிபிஎஸ் வரைக்கும் போகும், அப்லோடு ஒண்ணு சுத்தியேதான் நிக்கும். இப்ப நம்ம ஊர்ல வீட்டுக்கு வர்ற ஃபைபர்ல நெறைய எடத்துல ஜிபான்னு ஒரு முறை இருக்கு, அதுலயும் ஒரு லைனுக்கு டவுன்லோடு 2.5 ஜிபிபிஎஸ் (1 ஜிபிபிஎஸ்னா 1000 எம்பிபிஎஸ்), அப்லோடு 1.25 ஜிபிபிஎஸ், சரிபாதி. அந்த அப்லோடு எப்படி நடக்குதுன்னா, ஒரே ஃபைபர் இழைல இருக்க எல்லா வீட்டு பாக்ஸும் ஒரே நேரத்துல பேசுனா ஒண்ணோட ஒண்ணு மோதிரும்னு எக்ஸ்சேஞ்ச்ல இருக்க மெஷின் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை மைக்ரோசெகண்ட் உன் முறைன்னு பிரிச்சு கொடுக்கும். முறை வச்சு தண்ணி விடுற மாதிரியேதான்.

இருந்தாலும் இப்ப நெறைய ஃபைபர் பிளான்ல ரெண்டு பக்கமும் ஒரே ஸ்பீடு கொடுக்குறாங்க, அப்படி கிடைச்சா அதையே எடுங்க. மாடில பாக்ஸ் மாட்டி 5ஜி சிக்னல்ல வர்ற வீட்டு நெட்டுன்னா கவனமா இருங்க, டவர் தன்னோட நேரத்துல பெரும்பங்க டவுன்லோடுக்கே வச்சிருக்கும், அப்லோடு ரொம்ப கம்மியா வரும்.

டவுன்லோடு நல்லா இருக்குன்னு டெஸ்ட்ல காட்டுது, ஆனா சாயங்காலம் எல்லாமே தெணறுது. என்ன பண்றது?

இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா யாருமே சந்தேகப்படாத இடம் இது. மூணாவது மாடில ஒரு அக்கா ஆன்லைன்ல கணக்கு டியூஷன் எடுக்குறாங்க. பிளான் 50 டவுன், 10 அப். ஏழு மணி கிளாஸ் ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல குரல் ரோபோ மாதிரி ஆயிடும், பசங்க "மிஸ் கேக்கல"ன்னு சாட்ல போட ஆரம்பிச்சிருவாங்க. ரெண்டு மாசத்துல ரெண்டு பேர் டியூஷன விட்டு நின்னுட்டாங்க. கஸ்டமர் கேர்ல "உங்க லைன் நல்லா இருக்கு, 100 பிளானுக்கு மாறுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

நான் போய் அவங்க லேப்டாப்ல கமாண்ட் அடிக்கிற கருப்பு விண்டோ தொறந்து 8.8.8.8ங்கிற கூகுள் சர்வருக்கு பிங் ஓட விட்டேன், அதாவது ஒரு சின்ன பாக்கெட் போய்ட்டு திரும்பி வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகுதுன்னு பாக்குறது. 12, 13, 12ன்னு அழகா வந்துட்டு இருந்துச்சு. ஏழு மணிக்கு அக்காவோட வீட்டுக்கார சார் ஆபீஸ்ல இருந்து வந்து செருப்ப கழட்டி விட்டுட்டு உள்ள நொழஞ்சாரு, அவர் போன் வைஃபைல சேந்துச்சு, ஒரு நிமிஷம் கூட ஆகல, பிங் 90, 240, 430ன்னு ஏறிட்டே போச்சு. அவர் போன் அன்னிக்கு எடுத்த போட்டோ வீடியோ எல்லாத்தையும் பேக்கப் பண்ண ஆரம்பிச்சிருக்கு, ஏற்கனவே வாசல் கேமராவும் ஹால் கேமராவும் கிளவுடுக்கு அனுப்பிட்டு இருக்கு, 10 எம்பிபிஎஸ் அப்லோடு ரொம்பிருச்சு. ரொம்புனதும் ரவுட்டர் மிச்ச பாக்கெட்ட தூக்கிப் போடாம வரிசைல நிக்க வைக்கும், அந்த வரிசைக்குப் பின்னாடி அக்காவோட குரலும் போய் நிக்குது. இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு.

டவுன்லோடும் ஏன் சேந்து படுக்குதுன்னா, நீங்க ஒரு ஃபைல எறக்கும்போது "வந்துருச்சு, அடுத்தத அனுப்பு"ன்னு உங்க கம்ப்யூட்டர் பதில் அனுப்பிட்டே இருக்கணும். அந்த பதிலும் அப்லோடு தான். அது வரிசைல மாட்டிக்கிட்டா அந்தப் பக்கம் சர்வர் அனுப்புறத குறைச்சிக்கும். டவுன்லோடு 50 காலியா கெடந்தும் உபயோகம் இல்ல.

சரி பண்ணதுக்கு ஒரு ரூபா செலவில்ல. சார் போன்ல பேக்கப்ப கிளாஸ் நேரத்துல நிறுத்தி வச்சோம், கேமரா ரெண்டையும் அசைவு தெரிஞ்சா மட்டும் அனுப்புற மாதிரி மாத்துனோம், ரவுட்டர் செட்டிங்ல அப்லோடுக்கு 9ன்னு ஒரு எல்ல போட்டோம். லைனோட அளவுக்கு கொஞ்சம் கீழ எல்ல வச்சா வரிச நம்ம ரவுட்டர் கட்டுப்பாட்டுல இருக்கும், எந்த டேட்டா முன்னாடி போகணும்னு அதுவே பாத்துக்கும். கியூஓஎஸ், எஸ்க்யூஎம்னு செட்டிங்ல பேரு இருக்கும், எல்லா ரவுட்டர்லயும் இருக்காது, ஆனா தேடிப் பாருங்க. அக்கா இன்னமும் அதே 50 பிளான்ல தான் இருக்காங்க.

பிங்னா என்ன? ஸ்பீடு அதிகமானா பிங் குறையுமா?

குறையாது. மடைய தொறந்ததுல இருந்து மொத தண்ணி வயல்ல விழுற நேரம்தான் பிங், போய்ட்டு திரும்பி வர்றதையும் சேத்து. வாய்க்கா அகலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, தூரமும் நடுவுல நிக்குற வரிசையும் தான் கணக்கு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் 2002லயே ஐ2ஐன்னு கடலடி கேபிள் போட்டாங்க, சுமார் 3200 கிலோமீட்டர், லைட்டு அதுல போய்ட்டு வரவே 32 மில்லிசெகண்ட் ஆகிரும். கேம் சர்வர் சிங்கப்பூர்ல இருந்தா நீங்க 1 ஜிபிபிஎஸ் பிளான் போட்டாலும் சென்னைல இருந்து அதுக்கு கீழ வராது. பையன் கேம்ல லேக்குன்னு அழுதா பிளான மாத்தாதீங்க, கேம் செட்டிங்ல சர்வர் எந்த ஊருன்னு பாருங்க.

300 பிளானுக்கு மாறிட்டேன், ஆனா லேப்டாப்ல கேபிள் போட்டு பாத்தாலும் 94க்கு மேல ஏறல.

94ன்னு கரெக்டா நிக்குதுன்னா சந்தேகமே வேணாம், நடுவுல ஏதோ ஒண்ணு 100 எம்பிபிஎஸ் போர்ட்டா ஓடுது. பழைய ரவுட்டர்ல லேன் போர்ட்டே 100தான் இருக்கும். அது கிகாபிட்டா (அதாவது 1000 எம்பிபிஎஸ்) இருந்தா கேபிள பாருங்க. லேன் கேபிளுக்குள்ள எட்டு கம்பி இருக்கும், ஆரஞ்சு ஜோடி, பச்ச ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் மட்டும் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். எங்க பக்கத்து பிளாட்ல இதே கதைதான், கிளிப்ப வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா பழுப்புக் கம்பி ஒண்ணு கிளிப்போட முனை வரைக்கும் போகாம பாதிலயே நின்னுருக்கு. கேபிள்காரர் அவசரத்துல கிரிம்ப் பண்ணிட்டு போயிட்டார். வெட்டிட்டு புது கிளிப் போட்டோம், டெஸ்ட்ல உடனே 280ஐ தாண்டுச்சு. ஆறு மாசமா 300க்கு காசு கட்டிட்டு 100 தான் யூஸ் பண்ணிருக்காங்க.

கேபிள் வாங்குறப்ப கேட் 5இ இல்லன்னா கேட் 6 கேளுங்க, வீட்டுக்கு அது தாராளம்.

வைஃபைல மட்டும் ஸ்பீடு கம்மியா வருது, ஏன்?

வைஃபைங்கிறது ஒரே ரூம்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம்ங்கிற மாதிரி. உங்க போன் பேசுறப்ப டிவி காத்திருக்கணும், அப்லோடும் டவுன்லோடும் அதே காத்தத்தான் பங்கு போட்டுக்குது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11ன்னு மூணே மூணுதான், அபார்ட்மெண்ட்ல இருபது ரவுட்டர் அந்த மூணுலயே அடிச்சுக்குது. 5 கிகாஹெர்ட்ஸ்ல கூட்டம் கம்மி, ஸ்பீடும் அதிகம், ஆனா சுவர தாண்டுறதுல வீக். ரவுட்டர் இருக்க ரூம்ல 5ஐயும் தூரமா இருக்க ரூம்ல 2.4ஐயும் யூஸ் பண்ணுங்க. அப்புறம் அந்த ரவுட்டர இரும்பு பீரோ மேலயும் டிவி ஸ்டாண்டுக்கு உள்ளயும் வைக்காதீங்க, தயவு செஞ்சு. இரும்பு சிக்னல திருப்பி அடிக்கும்.

இந்த செட்டிங்ல 20, 40, 80 மெகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு வரும் பாருங்க, பேண்ட்விட்த்ங்கிற வார்த்தையோட ஒரிஜினல் அர்த்தமே அதுதான், அலைவரிசையோட அகலம். அகலம் கூடுனா அதுல போற பிட்டும் கூடும், சத்தம் (மத்த சிக்னலோட இடைஞ்சல்) கூடுனா குறையும்னு 1948ல கிளாட் ஷானன் கணக்கா எழுதி காட்டிட்டார். கூட்டமான அபார்ட்மெண்ட்ல 2.4ல 20 வச்சாலே போதும், 40 வச்சா பக்கத்து வீட்டு சத்தத்தையும் சேத்து வாங்குவீங்க.

ராத்திரி எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் ஸ்லோ. பகல்ல ஒண்ணும் இல்ல.

அது பெரும்பாலும் உங்க வீட்டுக்குள்ள இல்ல, வெளில. மேல சொன்ன ஜிபான்ல ஒரு இழைய கண்ணாடி ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிப்பாங்க. 2.5 ஜிபிபிஎஸ 32ஆல வகுத்தா வீட்டுக்கு 78 தான் வருது. எல்லாரும் ஒரே செகண்டுல முழுசா இழுக்கிறதில்ல, அதனால எல்லாருக்கும் 200ன்னு விக்க முடியுது, அது தப்பும் இல்ல. ஆனா கம்பெனி வெளி உலகத்துக்கு வாங்கி வச்சிருக்க மொத்த பேண்ட்விட்தே கம்மின்னா ராத்திரி ஐபிஎல் ஓடுறப்ப எல்லாருக்கும் சேத்து அடிபடும். இதுக்கு பெரிய பிளான் மருந்தே இல்ல. காலைல ஆறு மணிக்கு ஒரு டெஸ்ட், ராத்திரி ஒம்போது மணிக்கு ஒரு டெஸ்ட், ஒரு வாரம் எடுத்து வைங்க. பாதிக்கு பாதி இறங்குச்சுன்னா கடைசி கேள்வில சொல்ற மாதிரி கம்ப்ளெயிண்ட் போடுங்க, அப்பவும் சரி ஆகலைன்னா கம்பெனிய மாத்துறதுதான் வழி.

வீட்டுக்கு எவ்வளவு ஸ்பீடு தான் போதும்?

நீங்க நெனைக்கிறத விட கம்மி. நெட்ஃபிளிக்ஸே 1080பி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15 எம்பிபிஎஸ் போதும்னு சொல்லுது. நல்ல வீடியோ காலுக்கு போக ஒரு 4, வர ஒரு 4 வச்சுக்கோங்க. நாலு பேர் வீட்ல ரெண்டு டிவி, ஒரு ஆபீஸ் கால், ஒரு ஆன்லைன் கிளாஸ் எல்லாம் சேந்தாலும் 50 தாராளம், அப்லோடு 20ஆவது இருந்தா நிம்மதி. பெரிய கேம், பெரிய ஃபைல் அடிக்கடி எறக்குறவங்களுக்கு 100, 200 எடுத்தா நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். 2005ல பிராட்பேண்ட் வந்தப்ப 256 கேபிபிஎஸ், அதாவது 1 எம்பிபிஎஸ்ல கால் பங்கு, ஒரு 5 எம்பி பாட்டு எறங்க ரெண்டரை நிமிஷம் உக்காந்து பாத்துட்டு இருந்தோம். 2023 ஜனவரிலதான் குறைஞ்சது 2 எம்பிபிஎஸ் டவுன்லோடு வந்தாத்தான் பிராட்பேண்ட்னு அரசாங்கமே மாத்துச்சு, அதுக்கு முன்னாடி 512 கேபிபிஎஸ்.

மாசக் கடைசில திடீர்னு சுத்தமா படுத்துருது?

எஃப்யூபி, அதாவது ஃபேர் யூசேஜ் பாலிசி. அன்லிமிடெட்னு போட்டிருந்தாலும் இத்தனை ஜிபிக்கு அப்புறம் ஸ்பீட குறைப்போம்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும். அப்லோடு பண்ற டேட்டாவும் அந்த கணக்குல சேரலாம், கிளவுடு கேமரா வச்சிருக்கவங்க கம்பெனி ஆப்ல யூசேஜ் எவ்வளவுன்னு பாத்துட்டே இருங்க.

ஸ்பீடு டெஸ்ட் எப்படி எடுத்தா சரியா இருக்கும்?

ரவுட்டர்ல இருந்து நேரா லேன் கேபிள், மத்த எல்லா போனையும் டிவியையும் வைஃபைல இருந்து எடுத்துடுங்க, விபிஎன் இருந்தா ஆஃப் பண்ணுங்க. ஒரே டெஸ்ட நம்பாதீங்க. ஊக்லா மாதிரி டெஸ்ட் பக்கத்துல இருக்க சர்வர தேர்ந்தெடுக்கும், பல சமயம் அது உங்க கம்பெனிக்குள்ளயே இருக்கும், அப்ப தெருமுனை வரைக்கும் ரோடு எப்படின்னு தான் தெரியும். ஃபாஸ்ட் டாட் காம் நெட்ஃபிளிக்ஸ் சர்வர்ல இருந்து எடுத்து பாக்கும். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தா பிரச்சன உங்க கம்பெனிக்கு வெளில போற பாதைல இருக்க வாய்ப்பு இருக்கு. டெஸ்ட் ஓடுறப்ப பிங் எவ்வளவு ஏறுதுன்னும் பாருங்க, சும்மா இருக்கப்ப 10, டெஸ்ட்ல 300ன்னு போனா மேல அக்கா வீட்ல சொன்ன அதே வரிசைப் பிரச்சன தான்.

எல்லாம் பாத்துட்டேன், தப்பு கம்பெனி மேலதான். எங்க சொல்றது?

மொதல்ல கஸ்டமர் கேர்ல கம்ப்ளெயிண்ட் போட்டு டாக்கெட் நம்பர் வாங்குங்க. வாயால "பாத்துக்குறோம் சார்"னு சொன்னா விடாதீங்க, நம்பர் இல்லாத கம்ப்ளெயிண்டுக்கு மதிப்பே இல்ல. லேன் கேபிள் டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட்ட தேதி, நேரம் தெரியுற மாதிரி மெயில்ல அனுப்புங்க. அவங்க சொன்ன நாளுக்குள்ள சரி ஆகலைன்னா அதே கம்பெனில மேல்முறையீட்ட கேக்க அப்பெல்லேட் அத்தாரிட்டின்னு ஒருத்தர் இருக்கணும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012ல போட்ட விதி அது. அவரோட மெயில் ஐடி கம்பெனி வெப்சைட்லயே இருக்கும், அந்த டாக்கெட் நம்பர போட்டு அவருக்கு எழுதுங்க. என் வீட்டு லைன்ல ராத்திரி ஸ்பீடு பாதியா விழுந்தப்ப நான் இப்படித்தான் எழுதுனேன், ஒரு வார டெஸ்ட் கணக்கையும் சேத்து. நாலாம் நாள் ஆள் வந்து ஏணி போட்டு ஏறி எங்க வீட்டு இழைய கூட்டம் கம்மியா இருக்க வேற ஸ்ப்ளிட்டருக்கு மாத்திட்டு போனாரு.